பென்டிரைவிலிருந்து பூட் ஆகவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸையோ லினக்ஸையோ பென்டிரைவில் எழுதிச் செருகுகிறோம், கணினியை ஆன் செய்கிறோம், பழைய சிஸ்டமே மறுபடி வந்து நிற்கிறது. அல்லது கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி மட்டும் தெரிகிறது. உடனே பலரும் பென்டிரைவைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்க்கிறார்கள். அதற்கு முன் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். எந்த டிஸ்கிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவில் பென்டிரைவ் தெரியவே இல்லையா? தெரிந்தும், தேர்ந்தெடுத்தால் மறுக்கிறதா? சிஸ்டத்தை ஏற்றிவிடும் சிறு நிரலான லோடர் வரை வந்து நிற்கிறதா? இன்ஸ்டாலர் திறந்த பிறகு தகராறு செய்கிறதா? நாலுக்கும் காரணம் வேறு வேறு. கேள்விகளை ஏறக்குறைய அந்த வரிசையில்தான் வைத்திருக்கிறேன்.

எதையும் தொடுவதற்கு முன் என்ன செய்து வைக்க வேண்டும்?

முக்கியமான கோப்புகளை வேறோர் இடத்தில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பென்டிரைவில் இருப்பது முழுக்க அழிந்துவிடும், அதையும் காலி செய்துகொள்ளுங்கள். 8 ஜிபி பென்டிரைவ் பெரும்பாலும் போதும்.

இதைவிட முக்கியமானது பிட்லாக்கர் சாவி, அதாவது விண்டோஸ் டிஸ்கைப் பூட்டி வைக்கும் வசதியின் மீட்புச் சாவி. புதிய விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில், நாம் கேட்காமலேயே டிஸ்க் என்கிரிப்ஷன் ஆனாகி இருக்கும். செக்யூர் பூட்டை (லோடரைச் சரிபார்க்கும் காவல், பின்னால் வருகிறது) அணைத்தாலோ வேறு சில பயாஸ் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) அமைப்புகளை மாற்றினாலோ, அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து பயன்படுத்துபவர்களுக்கு அந்தச் சாவி வழக்கமாக அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். முதலில் அதைத் திறந்து பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். கணினி சாவி கேட்கும்போது தேட ஆரம்பித்தால் தாமதமாகிவிடும். சாவி எங்குமே கிடைக்காவிட்டால் டிஸ்கில் உள்ளதைத் திறக்க வேறு வழி இல்லை. மற்ற எல்லாத் தவறுகளையும் மறுபடி செய்து சரிப்படுத்தலாம், இதை முடியாது. அதனால்தான் முதல் கேள்வியாகவே வைத்தேன்.

ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே பென்டிரைவில் காப்பி செய்தால் போதாதா?

போதாது. ஐஎஸ்ஓ என்பது ஒரு முழு டிஸ்கின் படிமம். அதை ஒரு கோப்பாகப் போட்டு வைத்தால், ஆன் செய்ததும் முதலில் ஓடும் ஃபர்ம்வேர் என்ற நிரலுக்கு அதைத் திறக்கத் தெரியாது. யூஇஎஃப்ஐ (பழைய பயாஸின் இடத்துக்கு வந்த புதிய ஃபர்ம்வேர்) கணினி பென்டிரைவில் தேடுவது ஃபேட் என்ற எளிய கோப்பு அமைப்பில் உள்ள பார்ட்டிஷன் ஒன்றை. அதற்குள் இஎஃப்ஐ என்ற ஃபோல்டர், அதற்குள் பூட் என்ற ஃபோல்டர், அதற்குள் பூட்எக்ஸ்64 என்ற கோப்பு இருக்க வேண்டும். அது அங்கே இருந்தால் இயக்கும், இல்லாவிட்டால் பேசாமல் அடுத்த டிஸ்குக்குப் போய்விடும்.

அப்படியானால் ஐஎஸ்ஓவைத் திறந்து உள்ளே இருப்பதை எல்லாம் ஃபேட்32 பென்டிரைவில் போட்டால்? யூஇஎஃப்ஐயில் அது பல நேரம் வேலை செய்யும். ஆனால் ஃபேட்32-இல் 4 ஜிபியை எட்டும் தனிக் கோப்பை வைக்க முடியாது. இன்றைய விண்டோஸ் ஐஎஸ்ஓக்களுக்குள் இருக்கும் இன்ஸ்டால் விம் என்ற கோப்பு அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. கையால் காப்பி செய்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்தால் காப்பி ஆகிவிடும், ஆனால் பெரும்பாலான ஃபர்ம்வேர்களுக்கு எக்ஸ்ஃபேட்டைப் படிக்கத் தெரியாது.

அப்படியானால் எந்தக் கருவியைப் பயன்படுத்துவது?

விண்டோஸ் பென்டிரைவ் என்றால் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் அல்லது ரூஃபஸ். மேலே சொன்ன 4 ஜிபி சிக்கலை ரூஃபஸ் ஒரு வழியில் கடக்கிறது: பெரிய பார்ட்டிஷனை அந்த எல்லை இல்லாத என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு அமைப்பில் அமைத்து, பக்கத்தில் ஒரு சின்ன ஃபேட் பார்ட்டிஷனில் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும் டிரைவரை வைத்துவிடுகிறது.

லினக்ஸுக்கு பலேனா எட்சர், ரூஃபஸ் இரண்டுமே சரி. லினக்ஸ் ஐஎஸ்ஓக்கள் பெரும்பாலும் அப்படியே பைட்டுக்குப் பைட் எழுதினால் பூட் ஆகும்படி செய்யப்பட்டவை, எட்சர் செய்வது அதைத்தான். விண்டோஸ் ஐஎஸ்ஓ அந்த வகை இல்லை. அதை எட்சரில் எழுதிவிட்டு பூட் ஆகவில்லை என்று தவிக்க வேண்டாம்.

பல ஐஎஸ்ஓக்களை ஒரே பென்டிரைவில் வைத்துக்கொள்ள வென்டாய் நல்லது. ஒரு முறை அதை நிறுவிவிட்டால் ஐஎஸ்ஓக்களை உள்ளே காப்பி செய்தாலே போதும், பூட் செய்யும்போது பட்டியல் வரும். போன கேள்விக்கு இது ஒரு விதிவிலக்கு. செக்யூர் பூட் ஆனில் இருந்தால் முதல் முறை ஒரு நீலத் திரை வந்து அதன் சாவியைப் பதியச் சொல்லலாம். அதைப் பதியாமல் விட்டால் உள்ளே போகாது. எல்லா ஐஎஸ்ஓவும் வென்டாயில் ஓடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். ஒன்று மட்டும் நின்றால் அதைத் தனிப் பென்டிரைவில் நேரடியாக எழுதிப் பாருங்கள்.

ரூஃபஸ் 'ஐஎஸ்ஓ முறையா, டிடி முறையா' என்று கேட்கிறது. எதைத் தேர்வது?

ஐஎஸ்ஓ முறை உள்ளே இருக்கும் கோப்புகளைப் பிரித்து வைக்கும், டிடி முறை படிமத்தை அப்படியே பைட்டுக்குப் பைட் எழுதும். முதலில் ஐஎஸ்ஓ முறை. அதில் பூட் ஆகவில்லை என்றாலோ, லோடர் தன் கோப்புகளைக் காணவில்லை என்று நின்றாலோ டிடி முறையில் மறுபடி எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் விண்டோஸ் 'இந்த டிஸ்கை ஃபார்மேட் செய்ய வேண்டும்' என்கிறது. பழுதாகிவிட்டதா?

இல்லை. லினக்ஸ் எழுதிய பென்டிரைவின் சில பார்ட்டிஷன்களை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் கேட்கிறது. ஃபார்மேட்டை அழுத்தினால் எழுதியது போச்சு. கேன்சல் கொடுத்துவிட்டு பூட் செய்யப் போங்கள்.

டவுன்லோடு ஒழுங்காக ஆனதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஐஎஸ்ஓ தரும் தளத்திலேயே ஷா-256 என்ற நீண்ட எண்ணெழுத்து வரிசை ஒன்று போட்டிருப்பார்கள். விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து கெட்-ஃபைல்ஹேஷ் கட்டளைக்கு அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் உங்களிடம் உள்ள கோப்புக்கான வரிசை வரும். லினக்ஸில் ஷா256சம் கட்டளை. தளத்தில் உள்ளதும் உங்களுக்கு வந்ததும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும் (ஆங்கிலப் பெரிய எழுத்து, சிற்றெழுத்து வேறுபாடு பரவாயில்லை). ஓர் எழுத்து மாறினாலும் மறுபடி டவுன்லோடு செய்யுங்கள். இன்ஸ்டால் 60, 70 சதவீதத்தில் திடீரென்று நிற்கிற பிரச்சினைக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது இதையும் பென்டிரைவையும்தான்.

பென்டிரைவும் சந்தேகத்துக்கு உரியதா?

ஆமாம், நினைப்பதைவிட அதிகமாகவே. 64 ஜிபி என்று எழுதி உள்ளே அதில் கால்வாசி கூட இல்லாத போலிப் பென்டிரைவ்கள் உண்டு. அவை எழுதுவதை எல்லாம் வாங்கிக்கொள்வதுபோல நடிக்கும், திரும்பப் படித்தால் தரவு இருக்காது. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்ற இலவசக் கருவிகள் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். எட்சரும் எழுதி முடித்ததும் ஒரு முறை படித்துச் சரிபார்க்கிறது. அவசரத்தில் அந்தச் சரிபார்ப்பைத் தவிர்க்காதீர்கள்.

பூட் மெனுவுக்கு எந்தக் கீயை அழுத்துவது?

கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டெல், லெனோவோ திங்க்பேட், ஏசர், கிகாபைட் போர்டுகளில் எஃப்12. எச்பியில் எஃப்9, அல்லது எஸ்கேப்பை அழுத்தி அங்கிருந்து எஃப்9. ஏசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப், ஏசுஸ் மதர்போர்டில் எஃப்8. எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் போர்டுகளில் எஃப்11. லெனோவோ ஐடியாபேட் சிலவற்றில் பக்கவாட்டில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு நோவோ பட்டன் இருக்கும், அணைந்திருக்கும்போது அதைக் குத்தினால் மெனு வரும். ஏசர் லேப்டாப் பலவற்றில் எஃப்12 மெனுவே ஆஃபில் இருக்கும். முதலில் எஃப்2 வழியாக பயாஸுக்குள் போய் அதை ஆன் செய்ய வேண்டும்.

பவர் பட்டனை அழுத்தியதிலிருந்தே கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். லோகோ வரட்டும் என்று காத்திருந்தால் நேரம் கடந்துவிடும். சில லேப்டாப்களில் எஃப் கீக்கு எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும்.

எவ்வளவு தட்டினாலும் நேராக விண்டோஸுக்குள் போய்விடுகிறதே?

விண்டோஸ் 8 முதல் ஷட் டவுன் என்பது பல கணினிகளில் முழு ஷட் டவுன் இல்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி, சிஸ்டத்தின் மையமான கெர்னலின் நிலையை டிஸ்கில் சேமித்துவிட்டு, அடுத்த முறை அங்கிருந்தே தொடர்கிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால் அது நடக்காது. ஆகவே ஷட் டவுன் செய்து ஆன் செய்வதைவிட, பென்டிரைவைச் செருகி ரீஸ்டார்ட் கொடுப்பதே மேல்.

இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரையில் 'யூஸ் எ டிவைஸ்' என்பதைத் தேர்ந்தால் பென்டிரைவ் அங்கேயே பட்டியலில் வரும். கீயைத் தட்டும் வேலையே இல்லை. பயாஸுக்குள் போக வேண்டுமானால் அதே திரையில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ் வழியாக யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ். இது தெரிந்தவர்கள் குறைவு, தெரிந்துவிட்டால் பாதித் தலைவலி போய்விடும்.

விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்புக்கும் பயாஸுக்குள் இருக்கும் ஃபாஸ்ட் பூட்டுக்கும் சம்பந்தமில்லை. ஃபாஸ்ட் பூட் தொடக்கத்தில் யூஎஸ்பி சாதனங்களைத் தேடும் வேலையைத் தவிர்க்கலாம். இன்ஸ்டால் முடியும் வரை அதையும் ஆஃப் செய்து வையுங்கள்.

பூட் மெனு வருகிறது, அதில் பென்டிரைவ் இல்லை. ஏன்?

முதலில் எளியவற்றைப் பாருங்கள். ஹப்பில் செருகியிருந்தால் எடுத்து நேரடியாகக் கணினியில் செருகுங்கள். டெஸ்க்டாப் என்றால் முன்பக்கப் போர்ட்டை விட்டுப் பின்பக்கப் போர்ட்டுக்கு மாறுங்கள். பழைய கணினி என்றால் நீல நிற யூஎஸ்பி 3 போர்ட்டை விட்டுக் கறுப்புப் போர்ட்டில் போடுங்கள். பயாஸில் யூஎஸ்பி பூட் என்ற விருப்பமே ஆஃபில் இருக்கலாம், அலுவலக லேப்டாப்களில் இது சாதாரணம். அங்கே பாஸ்வேர்டும் போட்டிருந்தால் நிர்வாகியிடம்தான் கேட்க வேண்டும்.

அதே பென்டிரைவை இன்னொரு கணினியில் செருகிப் பாருங்கள். அங்கே பூட் ஆனால் பென்டிரைவ் நல்லது, உங்கள் கணினியின் அமைப்பில்தான் விஷயம். எங்குமே ஆகவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள். இந்த ஒரு சோதனை மீதிக் குழப்பத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

இதெல்லாம் சரி என்றால் அடுத்தது பூட் முறை. யூஇஎஃப்ஐ மட்டும் உள்ள கணினி, பழைய பயாஸ் முறைக்கென எழுதிய பென்டிரைவைக் காட்டவே காட்டாது. ரூஃபஸில் பார்ட்டிஷன் ஸ்கீம் என்ற இடத்தில் ஜிபிடி (டிஸ்கைப் பிரிக்கும் அட்டவணையின் புதிய வகை), டார்கெட் சிஸ்டம் யூஇஎஃப்ஐ என்று வைத்து எழுதுங்கள். ஏறக்குறைய 2010க்கு முந்தைய கணினி என்றால் எம்பிஆர் (அட்டவணையின் பழைய வகை), பயாஸ்.

அபூர்வமாக வரும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இன்டெல் பே டிரெயில் ஆட்டம் சிப் கொண்ட பழைய சிறு டேப்லெட்கள் பலவற்றில் பிராசசர் 64 பிட், ஃபர்ம்வேர் 32 பிட். அது பூட்எக்ஸ்64-ஐத் தேடாது, பூட்ஐஏ32 என்ற கோப்பைத் தேடும். அது உள்ள ஐஎஸ்ஓவாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

ஒரே பென்டிரைவ் மெனுவில் இரண்டு முறை தெரிகிறது. எதை எடுப்பது?

ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று போட்டிருக்கும், மற்றது பழைய முறை. கணினியில் ஏற்கெனவே உள்ள சிஸ்டம் எந்த முறையில் இருக்கிறதோ அதையே எடுங்கள். விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் பயாஸ் மோட் என்ற வரியில் தெரியும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு யூஇஎஃப்ஐதான்.

தவறானதை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? இன்ஸ்டாலர் திறக்கும், டிஸ்கைத் தேர்வு செய்யும் இடத்தில் வந்து மறுக்கும். 'இந்த டிஸ்க் ஜிபிடி வகை, இதில் விண்டோஸை நிறுவ முடியாது' என்றால் நீங்கள் பழைய முறையில் பூட் செய்திருக்கிறீர்கள். 'டிஸ்கில் எம்பிஆர் இருக்கிறது' என்றால் யூஇஎஃப்ஐ முறையில் வந்திருக்கிறீர்கள். இந்தச் செய்தியைப் பார்த்ததும் டிஸ்கை அழிக்கச் சொல்லும் குறிப்புகள் நிறையக் கிடைக்கும். உங்கள் கோப்புகள் அதில் இருந்தால் தயவுசெய்து அழிக்காதீர்கள். பூட் மெனுவுக்குத் திரும்பிப் போய் மற்றொன்றைத் தேர்ந்தால் பல நேரம் அதுவே போதும்.

'செக்யூர் பூட் வயலேஷன்' என்று மறுக்கிறது. அணைத்துவிடலாமா?

அணைத்தால் போகும், ஆனால் அதற்கு முன் ஏன் மறுக்கிறது என்று பாருங்கள். செக்யூர் பூட் என்பது கையெழுத்து சரிபார்க்கும் காவல். ஃபர்ம்வேருக்குள் இருக்கும் சான்றிதழ்களோடு ஒத்துப்போகும் கையெழுத்து உள்ள லோடரைத்தான் அது உள்ளே விடும். உபுண்டு, ஃபெடோரா, டெபியன் போன்றவை மைக்ரோசாஃப்ட் கையெழுத்திட்ட ஷிம் என்ற சிறு லோடர் வழியாக வருவதால் செக்யூர் பூட் ஆனில் இருக்கும்போதே பூட் ஆகும். ஆர்ச் லினக்ஸின் அதிகாரப்பூர்வ ஐஎஸ்ஓவுக்கு அந்த ஆதரவு இல்லை, அதற்கு அணைத்தே ஆக வேண்டும்.

உபுண்டுவும் மறுக்கப்படுகிறது என்றால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். சில புதிய லேப்டாப்களில் மைக்ரோசாஃப்டின் மூன்றாம் தரப்புச் சான்றிதழை அனுமதிக்கும் விருப்பம் ஆஃபில் வருகிறது. செக்யூர் பூட் பக்கத்திலேயே அது இருக்கும், அதை மட்டும் ஆன் செய்தால் போதும். இரண்டாவது, ஐஎஸ்ஓ பழையதாக இருப்பது. ஓட்டை கண்டுபிடிக்கப்பட்ட பழைய லோடர்களை அவ்வப்போது தடைப் பட்டியலில் சேர்க்கிறார்கள். 2024 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு பலருடைய லினக்ஸ் 'எஸ்பேட் செல்ஃப்-செக் ஃபெயில்டு' என்று நின்றது இதனால்தான். புதிய ஐஎஸ்ஓவை எடுத்து எழுதினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இன்னொன்று: 2011-இல் வெளியான மைக்ரோசாஃப்ட் சான்றிதழ்கள் 2026 ஜூன் தொடங்கி காலாவதியாகின்றன, அவற்றின் இடத்துக்கு 2023 சான்றிதழ்கள் வருகின்றன. காலாவதியானதாலேயே இன்று பூட் ஆகும் கணினி நின்றுவிடாது. ஆனால் புதிய சான்றிதழ் இல்லாத பழைய ஃபர்ம்வேர், புதிய கையெழுத்து மட்டும் உள்ள பென்டிரைவை மறுக்கலாம். கணினித் தயாரிப்பாளரின் ஃபர்ம்வேர் அப்டேட்டைப் போட்டு வைப்பது நல்லது.

தற்காலிகமாக அணைத்தால், வேலை முடிந்ததும் மறுபடி ஆன் செய்யுங்கள். பிட்லாக்கர் சாவி கையில் இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸ் மெனு வருகிறது, எண்டர் அழுத்தியதும் திரை கறுப்பாகிவிடுகிறது.

இது பூட் பிரச்சினை இல்லை, பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவர் பிரச்சினை. என்விடியா கார்டு உள்ள கணினிகளில் அதிகம் வரும். மெனுவில் 'சேஃப் கிராஃபிக்ஸ்' என்று ஒரு வரி இருந்தால் அதைத் தேர்வு செய்யுங்கள். இல்லாவிட்டால் முதல் வரியின் மேல் நின்று இ கீயை அழுத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு நோமோட்செட் என்று சேருங்கள். நோ, மோட், செட் மூன்றும் ஆங்கிலச் சிற்றெழுத்தில், ஒரே சொல்லாக. பிறகு எஃப்10 அழுத்தினால் பூட் ஆகும். இந்த மாற்றம் அந்த ஒரு முறைக்கு மட்டும்தான். நிறுவிய பிறகு சரியான டிரைவரைப் போட்டுக்கொள்ளலாம்.

விண்டோஸ் இன்ஸ்டாலர் 'மீடியா டிரைவர் காணவில்லை' என்கிறது. எந்த டிரைவர்?

பல நேரம் எந்த டிரைவரும் இல்லை. தன் பென்டிரைவையே படிக்க முடியாமல் போகும்போது இன்ஸ்டாலர் சொல்லும் வார்த்தை அது. பென்டிரைவை வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள், அதுவும் ஆகவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள். விண்டோஸ் 7 என்றால் கதை வேறு: அதில் யூஎஸ்பி 3 டிரைவரே கிடையாது, யூஎஸ்பி 2 போர்ட் வேண்டும்.

இன்ஸ்டாலர் திறக்கிறது, கணினியின் எஸ்எஸ்டியைக் காட்டவே இல்லை.

டிஸ்க் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்களில் விஎம்டி என்ற ஏற்பாடு ஆனில் வருகிறது. எஸ்எஸ்டி அதற்குப் பின்னால் இருக்கும். இன்டெல் ஆர்எஸ்டி டிரைவர் இருந்தால்தான் இன்ஸ்டாலருக்குத் தெரியும். லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து அந்த டிரைவரை எடுத்து, விரித்த ஃபோல்டராகப் பென்டிரைவில் வைத்து, டிஸ்க் தேர்வுத் திரையில் 'லோட் டிரைவர்' கொடுத்து அதைக் காட்டுங்கள். இஎக்ஸ்இ கோப்பாகவே வைத்தால் இன்ஸ்டாலருக்குப் புரியாது.

பயாஸில் விஎம்டியை அணைப்பதும் ஒரு வழி. டிஸ்கை முழுக்க அழித்துப் புதிதாக நிறுவுபவர்களுக்கு அது சுலபம். ஆனால் உள்ளே இருக்கும் விண்டோஸை வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸ் போட நினைப்பவர்கள் யோசித்துச் செய்யுங்கள், அணைத்ததும் அந்த விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடலாம். அப்படி நின்றால் பதறாமல் மறுபடி விஎம்டியை ஆன் செய்யுங்கள், பழையபடி வந்துவிடும்.

மேக்கில் எப்படி?

இன்டெல் மேக்கில் ஆன் செய்யும்போது ஆப்ஷன் கீயைப் பிடித்திருங்கள். டி2 என்ற ஆப்பிளின் பாதுகாப்புச் சிப் உள்ள இன்டெல் மேக் வெளி டிஸ்கிலிருந்து பூட் ஆவதை இயல்பாகவே தடுக்கும். கமாண்ட், ஆர் இரண்டையும் பிடித்து ரெகவரிக்குள் போய், ஸ்டார்ட்அப் செக்யூரிட்டி யூட்டிலிட்டியில் அனுமதி கொடுக்க வேண்டும். ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் பவர் பட்டனை விடாமல் பிடித்தால் தேர்வுத் திரை வரும். சாதாரண 64 பிட் பிசிக்கான விண்டோஸ், லினக்ஸ் பென்டிரைவ்கள் அதில் பூட் ஆகாது.

இன்ஸ்டால் பாதியில் ரீஸ்டார்ட் ஆகி, மறுபடி முதலிலிருந்தே தொடங்குகிறது.

பென்டிரைவ் பூட் வரிசையில் முதலில் இருப்பதால் ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே வருகிறது. கோப்புகள் காப்பி ஆகி முதல் ரீஸ்டார்ட் வந்ததும் பென்டிரைவை உருவிவிடுங்கள். பூட் வரிசையை மாற்றாமல், ஒரு முறை மட்டும் வரும் பூட் மெனுவைப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கலே வராது.

வேலை முடிந்தது, பென்டிரைவ் இப்போது மிகச் சிறிய அளவைக் காட்டுகிறது. பழையபடி ஆக்குவது எப்படி?

பென்டிரைவ் நன்றாகத்தான் இருக்கிறது, பார்ட்டிஷன் அட்டவணைதான் மாறியிருக்கிறது. ரூஃபஸில் 'நான் பூட்டபிள்' என்று தேர்ந்து ஒரு முறை ஓட்டினால் முழு அளவும் திரும்பிவிடும். கட்டளை வழியாகச் செய்ய விரும்பினால் டிஸ்க்பார்ட் திறந்து, லிஸ்ட் டிஸ்க் கொடுத்து, அளவைப் பார்த்துப் பென்டிரைவின் எண்ணைக் கண்டுபிடித்து, செலக்ட் டிஸ்க், அப்புறம் க்ளீன். க்ளீன் கட்டளை 'உறுதியா?' என்று கேட்காது, தேர்ந்த டிஸ்கை உடனே அழித்துவிடும். ஆகவே எண்டரைத் தட்டும் முன் லிஸ்ட் டிஸ்க்கை இன்னொரு முறை ஓட்டி, நட்சத்திரக் குறி பென்டிரைவின் வரியில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் புதுப் பார்ட்டிஷன் போட்டு எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்துகொள்ளலாம்.